ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவிட்டுக் கிளம்பும்போது மாணவர்களிடம் எப்படி விடைபெறுவது?

கேள்வி இது: "ஜப்பானில் ஒரு சிற்றூரில் மூன்று ஆண்டுகளாக உதவி ஆங்கில ஆசிரியராக இருக்கிறேன். ஜூலை கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. பிள்ளைகளிடம் எப்படி விடைபெறுவது? மேடையில் என்ன பேசுவது, என்ன கொடுப்பது? அழுதுவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது."

அந்தப் பயத்தை முதலில் தள்ளி வையுங்கள். ஜப்பானியர்கள் உணர்ச்சியை வெளியே காட்ட மாட்டார்கள் என்று நாம் கேள்விப்பட்டுத்தான் அங்கே போகிறோம். ஆனால் மார்ச் மாதம் கடைசி வகுப்புப் பிள்ளைகளை வழியனுப்பும் விழாவில் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். வகுப்பாசிரியர் ஒவ்வொரு பெயராக வாசிக்கும்போது குரல் உடைவதையும், பாட்டின் பாதியில் பாதி வகுப்பு தோளைக் குலுக்கி அழுவதையும் பார்த்திருப்பீர்கள். அந்த ஊரில் பிரிவுக்கு அழுவது யாருக்கும் புதிதல்ல. குரல் அடைத்தால் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்குங்கள். பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

நான் ஷிக்கோக்குத் தீவில் ஒரு சூகாக்கோவிலும் (நம் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை) மூன்று தொடக்கப் பள்ளிகளிலுமாக நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரண்டு முறை விடைபெற்றிருக்கிறேன். முதல் முறை சரியாகச் செய்யவில்லை. இரண்டாவது முறை ஓரளவு சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டிலிருந்தும் வந்ததுதான்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார்கள். அந்தப் பட்டியல் மார்ச் கடைசியில் வெளியாகும், உள்ளூர்ச் செய்தித்தாளிலும் வரும். பிறகு ரினின்ஷிகி என்ற விழா நடக்கும். போகிற ஆசிரியர்கள் மேடையில் வரிசையாக நிற்பார்கள், ஒவ்வொருவரும் கொஞ்சம் பேசுவார்கள், பிள்ளைகள் பூங்கொத்து கொடுப்பார்கள், எல்லோரும் பள்ளிப் பாட்டைப் பாடுவார்கள். ஆக, ஆசிரியர் போவது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் மார்ச்சில் வரும் ஒரு பருவம் மாதிரி. அதற்கு முறை இருக்கிறது, பாட்டு இருக்கிறது, அவர்கள் மனமும் அதற்குத் தயாராக இருக்கும்.

நீங்கள் போவது ஜூலையில். வெளிநாட்டவரை ஆங்கிலம் கற்பிக்க அழைத்துவரும் அரசுத் திட்டமான, 1987ல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கோடையில்தான் ஒப்பந்தம் தொடங்கும், கோடையில்தான் முடியும். தனியார் நிறுவனங்கள் மூலம் வருபவர்களுக்குப் பெரும்பாலும் மார்ச்சோடு முடிந்துவிடும். ஜூலையில் போகிறவருக்கு ரினின்ஷிகி கிடையாது. முதல் பருவம் முடியும் நாளில் நடக்கும் ஷூக்யோஷிகி என்ற நிறைவு விழாவில் பத்து நிமிடம் ஒதுக்குவார்கள். மறுநாளே கோடை விடுமுறை. பிள்ளைகள் தேர்வு முடிந்த மகிழ்ச்சியில், நீச்சலையும் கிளப் போட்டிகளையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் போகிற செய்தி வந்து விழும். அவர்களுக்கு அதை உள்வாங்க நேரமே இருக்காது. அதனால் உங்கள் விடைபெறுதலை அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். அதை ஜூன் மாதமே தொடங்குங்கள்.

என் முதல் விடைபெறுதல் எப்படிக் கெட்டது என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு தொடக்கப் பள்ளியை என்னிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். மேலிருந்து முறையான அறிவிப்பு வரும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்கள். அறிவிப்பு வந்தபோது பள்ளி விடுமுறையில் இருந்தது. கடைசி வகுப்பில் நான் வழக்கம்போல "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன். ஏழு மாதம் கழித்து ஊர்த் திருவிழாவில் அந்தப் பள்ளியின் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, "சென்செய் (ஆசிரியரே), உடம்பு சரியாகிவிட்டதா?" என்று கேட்டாள். எனக்கு நோய் என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். அதை இன்றும் நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

அங்கே அறிவிப்பு வரும்முன் செய்தியைச் சொல்வது மிகப் பெரிய தவறு. அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் மே மாதமே கியோதோ சென்செய்யிடம், அதாவது துணைத் தலைமையாசிரியரிடம், நேராகப் போய்க் கேளுங்கள்: "பிள்ளைகளுக்கு எந்த நாளிலிருந்து சொல்லலாம்? ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பாடம் என்றைக்கு வருகிறது?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேதிகளாகவே வேண்டும் என்று பணிவாகக் கேட்டால் கிடைத்துவிடும். அங்கே தேதி குறித்துவிட்டால் அது நடக்கும். பல பள்ளிகளுக்குப் போகிறவர் என்றால் இது இன்னும் முக்கியம். ஒரு தொடக்கப் பள்ளியில் உங்கள் கடைசி நாள் ஜூன் நடுவிலேயே வந்து போய்விடலாம்.

சரி, மேடைப் பேச்சு. மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஜூலையில் பல பள்ளிகளின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஏசி கிடையாது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். வெயிலுக்குப் பயந்து சில பள்ளிகள் இப்போது விழாவையே வகுப்பறைத் திரை வழியாக நடத்துகின்றன. அப்படியென்றால் நீங்கள் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும், அதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஜப்பானிய மொழியில் தொடங்கி, நடுவில் ஆங்கிலம் பேசி, ஜப்பானிய மொழியில் முடியுங்கள். நடுவில் வரும் ஆங்கிலம் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் புரிகிற ஆங்கிலமாக இருக்கட்டும். அவர்கள் உங்களிடம் கற்ற சொற்களை மட்டுமே வைத்து எழுதினால், கேட்கும்போதே "எனக்குப் புரிகிறது" என்ற மகிழ்ச்சி அந்த முகங்களில் தெரியும். நீங்கள் கொடுக்கிற கடைசிப் பாடமும் அதுவாகவே இருக்கும். பேச்சில் ஊரைப் பற்றிய ஒரு விஷயம், பள்ளியைப் பற்றிய ஒரு விஷயம் போதும். நான் பன்னிரண்டு மணி மதிய உணவைப் பற்றிப் பேசினேன். ஒவ்வொரு நாளும் ஒரு வகுப்பில் உட்கார்ந்து சாப்பிட்டதும், மீந்த புட்டிங்குக்குக் கல்-காகிதம்-கத்தரி போட்டுச் சண்டையிட்டதும். கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு நன்றி சொல்வது எளிதாக இருந்தது.

உங்களுக்குப் பிறகு மாணவர் மன்றத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து விடை உரை வாசிப்பார், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதை எழுத அந்தப் பிள்ளை ஒரு வாரம் தூங்காமல் இருந்திருக்கும். வாசிக்கும்போது தரையையோ கூட்டத்தையோ பார்க்காதீர்கள், அந்தப் பிள்ளையைப் பாருங்கள். முடிந்ததும் வணங்கிவிட்டு, அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது மேடையைப் பற்றியல்ல, கடைசி வகுப்பைப் பற்றி. நிறையப் பேர் கடைசி வகுப்பை விளையாட்டாக நடத்துகிறார்கள். தவறில்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு அது போதாது. நான் இரண்டாவது முறை கிளம்பியபோது ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அட்டை எழுதினேன். சூகாக்கோவில் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு பேர். மே கடைசியில் தொடங்கி, ஒரு நாளைக்கு நான்கைந்து. வகுப்பாசிரியரிடம் பெயர்ப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயரின் வாசிப்பையும் சரிபார்த்துக்கொண்டேன். சீனத்திலிருந்து வந்த ஒரே கான்ஜி எழுத்தை இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக வாசிப்பார்கள். விடைபெறும் அட்டையில் பெயர் தப்பாக இருந்தால் அதைவிட வேதனை இல்லை.

அட்டையில் மூன்று வரிதான். ஒரு வரியிலாவது அந்தப் பிள்ளைக்கு மட்டுமே பொருந்துகிற ஒன்று இருக்க வேண்டும். "நீ நன்றாகப் படிக்கிறாய்" என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். "துப்புரவு நேரத்தில் மற்றவர்கள் விட்டுப்போன துடைப்பத்தையும் நீதான் எடுத்து மாட்டுவாய், பார்த்திருக்கிறேன்" என்று எழுதினால் அது ஒருவனுக்குத்தான். நூற்றுப் பன்னிரண்டில் முப்பது பேருக்கு எழுத எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அந்த முப்பது பேரின் பெயரையும் ஒரு சிறு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஜூன் முழுவதும் அவர்களையே கவனித்தேன். மதிய உணவுக்கு அவர்கள் மேசைக்குப் போனேன், கிளப் நேரத்தில் மைதானத்துக்குப் போனேன். அதுவரை நான் பார்க்கத் தவறிய பிள்ளைகளை அந்த ஒரு மாதத்தில்தான் பார்த்தேன். அட்டையைவிட இதற்காகவே எல்லோருக்கும் எழுதச் சொல்கிறேன்.

எழுத்தைச் சேர்த்து எழுதாதீர்கள். ஆங்கிலத்தின் கூட்டெழுத்து அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை, தனித்தனி எழுத்தாகவே எழுதுங்கள். அட்டையின் பின்புறம் ஒவ்வொருவர் பெயரையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஜப்பானியப் பெயர்கள் தமிழில் அழகாக வந்து உட்காருகின்றன, ஹ, ஷ, ஜ, ஸ போன்ற எழுத்துகளை மட்டும் கிரந்தத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவோ பாடம் நடத்தியும் வாய் திறக்காத ஒரு பையன் அன்று என் மேசைக்கு வந்து, தன் பெயரில் எந்தச் சுழி எந்த ஒலி என்று விரலால் காட்டிக் கேட்டான். பிறகு தன் தங்கையின் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, தயவுசெய்து அவர்களை மறந்துவிடாதீர்கள். பள்ளிக்கு வந்தும் வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகள். அவர்கள் ஹோகென்ஷித்ஸு என்ற நலவாழ்வு அறையில் உட்கார்ந்து படித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பள்ளிப் பக்கமே வராத பிள்ளைகளும் உண்டு. நிறைவு விழாவில் இவர்கள் இருக்க மாட்டார்கள். பட்டியலில் பெயர் இருக்கும், நாற்காலி காலியாக இருக்கும். அவர்களுக்கும் அட்டை எழுதுங்கள். நலவாழ்வு அறை ஆசிரியரிடம் முதலில் பேசுங்கள். எந்த நேரத்தில் உள்ளே போனால் பிள்ளைக்குச் சிரமமில்லை என்று அவருக்குத்தான் தெரியும். "வகுப்புக்கு வா, உன்னை எதிர்பார்த்தேன்" என்பது போன்ற வரி வேண்டாம், அது சுமையாகிவிடும். நான் அப்படி ஒரு மாணவியோடு வாரம் ஒரு முறை பத்து நிமிடம் சீட்டு விளையாடியிருக்கிறேன், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அவள் அட்டையில் "சீட்டு விளையாட்டில் என்னை பதினான்கு முறை தோற்கடித்தவள்" என்று எழுதினேன். பதினான்கு இல்லை, பதினாறு என்று திருத்தி, நலவாழ்வு ஆசிரியர் மூலம் ஒரு துண்டுத் தாள் அனுப்பினாள்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். விடைபெறும்போது எந்தச் சொல்லைச் சொல்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சயோனாரா என்ற சொல்லைப் பெரிய பிரிவுக்கான சொல்லாகவே வெளியூரில் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது வரிசையாக நின்று ஆசிரியரிடம் சொல்வதும் அதே சொல்தான். அதன் வேர் "சயோ நரபா", அதாவது "அப்படியென்றால்". நம் ஊரில் "அப்போ சரி, வரட்டுமா?" என்று எழுந்திருப்போமே, அதில் உள்ள "அப்போ" மட்டும் மிஞ்சி நின்ற சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது தெரிந்த நாளிலிருந்து அந்தச் சொல்லின் பாரம் குறைந்துவிட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான சொல் வேறு. வீட்டைவிட்டுக் கிளம்பும் பிள்ளை "இத்தெகிமாஸ்" என்று சொல்லும். "போய் வருகிறேன்" என்று சொல்லுக்குச் சொல் அதே பொருள். வீட்டிலிருப்பவர் "இத்தெராஷ்ஷாய்" என்பார், "போய் வா". "போகிறேன்" என்று மொட்டையாகச் சொல்லாதே என்று நம் பாட்டிமார் திருத்துவார்களே, அதையே இன்னொரு மொழி தன் இலக்கணத்தில் வைத்திருக்கிறது. டோக்கியோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டரில் ஒகசவாரா தீவுகள் இருக்கின்றன. விமான நிலையம் இல்லை, 24 மணி நேரக் கப்பல் பயணம்தான். கப்பல் கிளம்பும்போது தீவுக்காரர்கள் துறைமுகத்தில் மேளம் தட்டி, சிறு படகுகளில் கப்பலின் கூடவே வெகு தூரம் வந்து, கடலில் குதித்துக் கையசைப்பார்கள். அவர்கள் கத்திச் சொல்வதும் இத்தெராஷ்ஷாய்தான். இன்னொரு முறை வரவே வாய்ப்பில்லாத பயணிக்கும் அதே சொல்தான்.

வழக்கப்படி இது திரும்பி வருகிற வீட்டுக்கான சொல். பணியிடத்தை விட்டு நிரந்தரமாகப் போகிறவர் சொல்ல வேண்டியது "ஒசெவா நி நரிமாஷிதா", உங்கள் பராமரிப்பில் இருந்தேன், நன்றி என்ற பொருளில். ஆசிரியர் அறையில் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளைகளிடம் மேடையில் நான் கடைசியாக, எங்கள் ஊரில் யாரும் "போகிறேன்" என்று சொல்ல மாட்டார்கள் என்று விளக்கிவிட்டு, "போய் வருகிறேன்" என்று தமிழில் ஒரு முறையும் "இத்தெகிமாஸ்" என்று ஒரு முறையும் சொன்னேன். அரை நொடி அமைதி. பிறகு கூடம் முழுக்க "இத்தெராஷ்ஷாய்" என்று எழுந்தது. தமிழரான ஆசிரியர் ஒருவர் அங்கே இதைச் சொல்ல உரிமை உள்ளவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. வகுப்புகளிலிருந்து உங்களுக்கு யொசெகாகி வரும்: ஷிகிஷி என்ற கெட்டி அட்டையில் நடுவிலிருந்து கதிர் கதிராக எல்லோரும் எழுதியது. அளவு ஏறத்தாழ 24 × 27 சென்டிமீட்டர், கைப்பையில் வைக்கலாம், பெட்டிக்குள் போட்டு மடிய விடாதீர்கள். நீங்கள் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க நினைத்தால் வேண்டாம். ஒவ்வாமையும் பள்ளி விதிகளும் குறுக்கே வரும். ஒருவருக்கு மட்டும் தனியாக எதுவும் கொடுக்காதீர்கள். ஆசிரியர் அறைக்கு, தனித்தனியாகச் சுற்றிய இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். கைக்குட்டை கொடுப்பதைப் பலர் தவிர்ப்பார்கள், உறவை அறுத்துக்கொள்வது என்ற பொருள் தொனிக்கும் ஒலி அதன் ஒரு வாசிப்பில் இருக்கிறது. யாராவது உறையில் பணம் வைத்துக் கொடுத்தால் பதறாதீர்கள். வழியனுப்பும் பரிசுக்கு அங்கே ஹனாமுகே என்றொரு பழைய சொல் உண்டு. போகிறவரின் குதிரையின் மூக்கை அவர் செல்லும் திசைக்குத் திருப்பிவிடுவது என்பதிலிருந்து வந்தது. வாங்கிக்கொண்டு, ஊர் போய்ச் சேர்ந்ததும் நன்றிக் கடிதம் எழுதுங்கள்.

பிள்ளைகள் உங்கள் இன்ஸ்டாகிராம், லைன் (அங்கே நம் வாட்ஸ்அப் மாதிரி) முகவரியைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பல கல்விக் குழுக்கள் இதைத் தடை செய்திருக்கின்றன, தடையில்லாத இடத்திலும் அது உங்களுக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பல்ல. அவர்கள் முகம் தெரியும் படத்தை எங்கும் போடாதீர்கள். அதற்குப் பதிலாக, "பள்ளி முகவரிக்குக் கடிதம் எழுதுவேன்" என்று சொல்லுங்கள், சொன்னால் எழுதுங்கள். "கண்டிப்பாகத் திரும்பி வருவேன்" என்ற வாக்கு மட்டும் வேண்டாம். போய் வருகிறேன் என்பது வழக்கு, அவர்களுக்கும் அது புரியும். தேதியோடு சொல்லும் வாக்கை அவர்கள் நம்பிக் காத்திருப்பார்கள்.

கடைசி வாரம் காலையில் பள்ளி வாசலில் போய் நில்லுங்கள். பிள்ளைகளை வாசலில் நின்று வணக்கம் சொல்லி வரவேற்பது அங்கே ஏற்கனவே உள்ள பழக்கம்தான். ஐந்து நாள், ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயர் மறந்தால் கேட்டுத் தெரிந்துகொண்டு மறுநாள் சொல்லுங்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவர்களைப் பற்றி ஒன்று. நீங்கள் போனபின் எட்டு மாதத்தில், மார்ச்சில், அவர்களும் அந்தப் பள்ளியைவிட்டுப் போய்விடுவார்கள். அதன் பிறகு பள்ளி முகவரிக்கு எழுதும் கடிதம் அவர்களைச் சேராது. மார்ச்சில் அவர்களை வழியனுப்பும் விழாவுக்கு, முன்பு அங்கே பணியாற்றிய ஆசிரியர்கள் ஷுகுதென் என்ற வாழ்த்துச் செய்தி அனுப்புவது வழக்கம், அவற்றை நடைவழிச் சுவரில் ஒட்டி வைப்பார்கள். பிள்ளைகள் பெற்றோரோடு வந்து அந்தச் சுவரில் தெரிந்த பெயர்களைத் தேடுவார்கள். பள்ளிக்கு முன்கூட்டியே எழுதி விழாத் தேதியைக் கேட்டு வையுங்கள். பிப்ரவரி பாதியிலேயே தபாலில் போட்டுவிடுங்கள். அச்சடிக்காமல் கையால் எழுதுங்கள், அதே தனித்தனி எழுத்தில். உங்கள் கையெழுத்து அவர்களுக்குத் தெரியும்.